ஒட்டுப்பலகை டாங்கியும் ஒரு போர்ப்படமும்

1950 ஜூன் 25இல் கொரியப் போர் மூண்டது. அவ்வாண்டு அக்டோபரிலேயே அப்போரைப் பற்றிய முதல் அமெரிக்கக் கதைப்படம் பத்தே நாட்களில் எடுத்து முடிக்கப்பட்டது. சாமுவேல் ஃபுல்லர் எழுதி இயக்கிய 'தி ஸ்டீல் ஹெல்மெட்' என்னும் அப்படத்திற்கு ஆன செலவு ஏறத்தாழ 1,04,000 டாலர். ஜான் வேய்னை நாயகனாக்கி எடுக்கப் பெருநிறுவனம் ஒன்று விரும்பியது; ஃபுல்லர் இசையவில்லை. மலிவுப் படங்களுக்குப் பெயர்பெற்ற ராபர்ட் லிப்பர்ட்டின் முதலீட்டிலேயே எடுத்தார்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிரிஃபித் பூங்கா கொரியாவாயிற்று. பல்கலைக்கழக மாணவர் 25 பேர் படையாயினர். டாங்கி ஒட்டுப்பலகையால் செய்யப்பட்டது. ஆயிரம் யானையைக் கொன்றவனைப் பாடுவது பரணி என்பது தமிழ்ப் பாட்டியல் மரபு. இங்கே ஒரு யானைக்கும் வழியில்லை!

கூட்டத்தைக் காட்ட இயலாத படம் முகங்களைக் காட்டியது. துளைபட்ட தலைக்கவசமும் கட்டுண்ட கைகளுமாகப் பிணங்களுக்கிடையே ஊர்ந்துவருகிறான் சார்ஜென்ட் ஜாக். கொரியச் சிறுவன் ஒருவன் அவன் கட்டை அவிழ்க்கிறான். படப்பிடிப்புக்கூடத்தில் பரப்பிய செயற்கை மூடுபனிக்குள் எதிரி எங்குள்ளான் என்பது வீரனுக்கும் தெரியாது, காண்போருக்கும் தெரியாது. குறையை மறைக்க வந்த பனிதான். எனினும் காலாள் காணும் போர் அத்தகையதே. 1944இல் நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் காலாளாக இறங்கியவர் ஃபுல்லர். நடிப்பில் ஆங்காங்கே மேடை நாடகச் சாயல் உண்டு. அது பெரிதாகத் தோன்றுவதில்லை.

இத்தகைய படங்களின் ஈர்ப்பு எளிமையில் மட்டும் இல்லை. 1949இல் வெளிவந்த 'சாண்ட்ஸ் ஆஃப் ஐவோ ஜிமா' அமெரிக்க மரைன் படையின் ஒத்துழைப்போடு உருவானது. படைக்கலன்களை இரவல் தருவோர் கதையையும் பார்வையிடுவர். ஒட்டுப்பலகைக்கு அந்தக் கடன் இல்லை. ஃபுல்லரின் படத்தில், பௌத்தக் கோயிலொன்றில் பிடிபட்ட வடகொரிய மேஜர், தனக்கு மருந்திடும் கறுப்பின வீரனிடம், தாயகத்தில் அவன் பேருந்தின் பின்னிருக்கையில்தானே அமர வேண்டும் என்கிறான். வீரனின் விடை பொறுமையானது: முன்பு ஏறவே இயலாது, இன்று பின்னே அமரலாம், ஒருநாள் முன்னேயும் அமரலாம். மாண்ட்கமரியில் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது 1955 டிசம்பரில். அடுத்து ஜப்பானிய அமெரிக்க வீரனிடம் தடுப்பு முகாம்களை நினைவூட்டுகிறான் மேஜர். 1942 முதல் ஏறத்தாழ 1,20,000 பேர் அம்முகாம்களில் அடைக்கப்பட்டனர். அதற்கு அமெரிக்க அரசு சட்டவழி மன்னிப்புக் கேட்டது 1988இல். படம் வெளிவந்ததோ 1951 ஜனவரியில்.

சார்ஜென்டுக்குத் தன்னைப் பிடிக்க வேண்டும் என்று வேண்டுதல் எழுதி வைத்திருந்த அச்சிறுவன் சுடப்பட்டு இறக்கிறான். அவ்வேண்டுதலை எள்ளி நகைக்கிறான் மேஜர். ஜாக் கைதியைச் சுட்டுவிடுகிறான்.

இராணுவத் தலைமையகம் ஃபுல்லரை அழைத்து விளக்கம் கேட்டது. அமெரிக்க வீரன் கைதியைச் சுடமாட்டான் என்பது அவர்தம் வாதம். ஃபுல்லர் தம் பழைய படைத்தலைவர் ஜார்ஜ் டெய்லரைக் கேட்டறியுமாறு சொன்னார். அத்தகைய செயல்கள் நடந்ததுண்டு என்றே டெய்லர் கூறினார்.