7 ஓட்டுகளில் 1: செக் மக்களின் 270 ஆண்டு வரலாறு ஓட்டுக் கணக்கில்

பிராக் நகரின் பழைய நகரச் சதுக்கத்துக்குப் போனால், பழைய நகர மன்றக் கட்டடத்தின் முன்னால் தரையைக் கவனியுங்கள். கல் பாவிய தளத்தில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கும். 1621 ஜூன் 21 அன்று அந்த இடத்தில் 27 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அரசருக்கு எதிராகக் கலகம் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 'எங்கள் அரசரைத் தேர்ந்தெடுப்பது எங்கள் உரிமை, தேவைப்பட்டால் நீக்குவதும்தான்' என்பது கலகம் செய்தவர்களின் வாதம்.

இந்த வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தால் பெயர்களும் போர்களும் குழப்பும். அதனால் ஒரே ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு போவோம்: யாருக்கு எத்தனை ஓட்டு?

முதலில், எந்த நாட்டைப் பற்றிப் பேசுகிறோம்?

இன்றைய செக் குடியரசின் மேற்குப் பகுதிதான் பொஹீமியா. அந்தக் காலத்தில் அது தனி அரசு. அதே சமயம், இன்றைய ஜெர்மனியை மையமாகக் கொண்ட புனித ரோமானியப் பேரரசின் ஒரு பகுதியும் கூட. அண்டை நாடுகள் போலந்து, ஹங்கேரி, ஆஸ்திரியா, சாக்சனி, பவேரியா.

அந்தப் பேரரசில் அரசர் பதவிக்குத் தேர்தல் உண்டு. ஆனால், ஓட்டுப் போடுபவர்கள் 7 பேர்தான். பேரரசர் நான்காம் சார்லஸ் 1356-இல் 'பொன் முத்திரை ஆணை' வெளியிட்டு இதைச் சட்டமாக்கினார். மைன்ஸ், கொலோன், ட்ரியர் பேராயர்கள் 3 பேர். பொஹீமிய அரசர், பாலட்டினேட் பிரபு, சாக்சனி பிரபு, பிராண்டன்பர்க் பிரபு என 4 பேர். 4 ஓட்டு விழுந்தால் போதும், வெற்றி.

சார்லஸ் பொஹீமியாவுக்கும் அரசர். அவர் தலைநகரம் பிராக். 1348-இல் அங்கே பல்கலைக்கழகம் தொடங்கியவரும் அவர்தான். தேர்வாளர்களின் வாரிசுகள் 7 வயதிலிருந்து லத்தீன், இத்தாலியன், ஸ்லாவிய மொழி கற்க வேண்டும் என்றுகூட அந்த ஆணையில் இருந்தது. ஜெர்மன் அவர்களுக்கு எப்படியும் தெரிந்திருக்கும் என்ற கணக்கு.

1400: 4 ஓட்டில் பதவி போனது

சார்லஸின் மகன் வென்செஸ்லாஸிடம் இரண்டு பதவிகள் இருந்தன: பேரரசின் அரசர், பொஹீமிய அரசர். 1400-இல் மூன்று பேராயர்களும் பாலட்டினேட் பிரபுவும் சேர்ந்து முதல் பதவியைப் பறித்தார்கள். 7-இல் 4. புதிய அரசராக வந்தவர், ஓட்டுப் போட்ட நால்வரில் ஒருவரான பாலட்டினேட் பிரபு ருப்ரெக்ட்!

பறிபோன பதவியை மீட்க வென்செஸ்லாஸ் வழி தேடினார். அப்போது கத்தோலிக்க திருச்சபைக்கு ரோமில் ஒரு போப், அவினியோனில் ஒரு போப் என இரண்டு தலைவர்கள். இருவரையும் ஒதுக்கிவிட்டுப் புதியவரைத் தேர்ந்தெடுக்க, கர்தினால்கள் 1409-இல் பீசா நகரில் கூடத் திட்டமிட்டார்கள். அவர்கள் பக்கம் நின்றால் தன் பட்டத்துக்கு அங்கீகாரம் கிடைக்கும் என்று வென்செஸ்லாஸ் நினைத்தார். அதற்குப் பிராக் பல்கலைக்கழகத்தின் ஆதரவு தேவைப்பட்டது.

1409: 1-க்கு 3, ஒரே நாளில் 3-க்கு 1

பல்கலைக்கழகத்தில் 4 குழுக்கள்: பொஹீமியா, பவேரியா, சாக்சனி, போலந்து. குழுவுக்கு ஒரு ஓட்டு. இவை இன்றைய அர்த்தத்தில் தேசிய இனங்கள் கிடையாது, எந்தத் திசையிலிருந்து வந்தவர்கள் என்ற கணக்கு மட்டும்தான். பொஹீமியக் குழுவிலும் ஜெர்மன் பேசுபவர்கள் இருந்தார்கள்.

அரசர் சொன்னதைப் பொஹீமியக் குழு ஏற்றது. மற்ற மூன்றும் மறுத்தன. 1409 ஜனவரி 18 அன்று குட்னா ஹோரா ஊரிலிருந்து அரசர் ஓர் ஆணை போட்டார். இனி பொஹீமியக் குழுவுக்கு 3 ஓட்டு; மற்ற மூன்றுக்கும் சேர்த்து 1 ஓட்டு.

விளைவு? ஆசிரியர்களும் மாணவர்களும் நூற்றுக்கணக்கில் பிராக்கை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை வைத்து அதே ஆண்டு லைப்சிக் பல்கலைக்கழகம் உருவானது. பல நாட்டவர் படித்த பிராக், உள்ளூர்ப் பல்கலைக்கழகமாகச் சுருங்கியது. 'பிராக் மதவிரோதிகளின் கூடாரம்' என்ற பேச்சும் வெளியேறியவர்களோடு ஊர் ஊராகப் போனது.

அந்தப் பேச்சுக்கு விலை கொடுத்தவர் யான் ஹுஸ். 1409-இல் பல்கலைக்கழகத் தலைவரான இவர், திருச்சபையின் பணத்தாசையைச் செக் மொழியில் கண்டித்துப் பிரசங்கித்தவர். பாதுகாப்பு தருவதாக வென்செஸ்லாஸின் தம்பி சிகிஸ்முண்ட் வாக்களித்ததை நம்பி, கான்ஸ்டன்ஸ் நகரில் நடந்த திருச்சபை மாநாட்டுக்குப் போனார். 1415 ஜூலை 6 அன்று அவரை உயிரோடு எரித்தார்கள்.

போருக்குப் பிறகு கூடிய ஓட்டு

1419-இல் ஹுஸின் ஆதரவாளர்கள் பிராக் புதிய நகர மன்றத்துக்குள் புகுந்து, நகர உறுப்பினர்களை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்தார்கள். தொடர்ந்து வந்த போர்களில் ஹுஸ் ஆதரவாளர்களை ஒழிக்க 5 சிலுவைப் போர்கள் அறிவிக்கப்பட்டன. ஐந்தும் தோற்றன. 1436-இல் சமரசம் ஏற்பட்டது.

இந்தப் போர்களால் உள்நாட்டுச் சபையின் கணக்கும் மாறியது. பொஹீமியச் சபையில் மதகுருமார்கள் இடம் இழந்தார்கள். பெரிய பிரபுக்கள், நைட் எனப்படும் சிறு பிரபுக்கள், நகரங்கள் என மூன்று பிரிவுகள் மிஞ்சின. மக்கள்தொகையில் பெரும்பான்மையான விவசாயிகளுக்கு அப்போதும் ஓட்டு கிடையாது. இதை மறந்துவிட வேண்டாம்.

1458-இல் இந்தச் சபை, அரச வம்சத்தைச் சேராத ஹுஸ் ஆதரவாளரான பொதேப்ராடி ஜார்ஜை அரசராகத் தேர்ந்தெடுத்தது. நடந்த இடம், முதலில் சொன்ன அதே பழைய நகர மன்றம். 1526-இல் அரசர் லூயி, ஒட்டோமான் படைகளுடன் நடந்த மொஹாச் போரில் இறந்ததும், ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் ஃபெர்டினாண்டைத் தேர்ந்தெடுத்ததும் இந்தச் சபைதான்.

1619: காகிதத்தில் 4-க்கு 3, நிஜத்தில் 7-க்கு 0

1617-இல் அதே குடும்பத்தின் இரண்டாம் ஃபெர்டினாண்டை அரசராக ஏற்கச் சபையிடம் கேட்டார்கள். கேட்ட வார்த்தை 'ஏற்பது'. 'தேர்ந்தெடுப்பது' அல்ல. புராட்டஸ்டன்ட் மக்களுக்கு 1609-இல் எழுத்துமூலம் தந்த வழிபாட்டு உரிமையும் ஆட்டம் கண்டது. ஓர் ஊரில் தேவாலயம் மூடப்பட்டது, இன்னொரு ஊரில் இடிக்கப்பட்டது.

1618 மே 23 அன்று கோபம் மறுபடி ஜன்னல் வழியாக வெளிப்பட்டது. பிராக் கோட்டையிலிருந்து இரண்டு அரசப் பிரதிநிதிகளையும் ஒரு செயலாளரையும் கீழே எறிந்தார்கள். மூவரும் பிழைத்தார்கள். கத்தோலிக்கத் தரப்பு 'மாதா காப்பாற்றினார்' என்றது. எதிர்த்தரப்பு 'குப்பைமேடு காப்பாற்றியது' என்றது.

1619 ஆகஸ்டில் சபை ஃபெர்டினாண்டை நீக்கி, பாலட்டினேட் பிரபு ஃப்ரெடரிக்கைத் தேர்ந்தெடுத்தது. இப்போது 7 ஓட்டுக் கணக்குக்குத் திரும்புங்கள். 3 பேராயர்கள் கத்தோலிக்கர்கள். பாலட்டினேட், சாக்சனி, பிராண்டன்பர்க் புராட்டஸ்டன்ட். 3-க்கு 3. ஏழாவது ஓட்டு பொஹீமியாவுடையது! அது கைமாறினால் புராட்டஸ்டன்ட்களுக்கு 4. அதில் 2 ஓட்டு ஃப்ரெடரிக் ஒருவரிடமே.

ஆனால், அதே வாரம் ஆகஸ்ட் 28 அன்று பிராங்க்பர்ட்டில் நடந்தது வேறு. ஃபெர்டினாண்டே பொஹீமிய அரசராக உட்கார்ந்து ஓட்டுப் போட்டார். புராட்டஸ்டன்ட் சாக்சனி அவரை ஆதரித்தது. கடைசியில் ஃப்ரெடரிக்கின் பிரதிநிதியும் ஒத்துப்போக, ஃபெர்டினாண்ட் ஒருமனதாகப் பேரரசர் ஆனார். மதத்தை வைத்துப் போட்ட கூட்டல், நிஜத்தில் உதவவில்லை.

1620 நவம்பர் 8 அன்று பிராக் அருகே வெள்ளை மலையில் சுமார் இரண்டு மணி நேரச் சண்டையில் எல்லாம் முடிந்தது. ஃப்ரெடரிக் தப்பி ஓடினார். 1623-இல் அவருடைய தேர்வாளர் ஓட்டும் பறிக்கப்பட்டுப் பவேரியப் பிரபுவுக்குப் போனது.

27 பேர் யார்?

பெரிய பிரபுக்கள் 3, சிறு பிரபுக்கள் 7, நகரவாசிகள் 17. சபையின் மூன்று பிரிவுகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. பல்கலைக்கழகத் தலைவரும் மருத்துவருமான யான் யெசெனியுஸும் அதில் ஒருவர். 12 பேரின் தலைகள் பாலத்துக் கோபுரத்தில் பத்தாண்டுகள் தொங்கின.

1627-இல் வந்த புதிய அரசியல் சட்டம் பழைய கணக்கை மூடியது:

• அரசர் பதவி ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்குப் பரம்பரைச் சொத்து. சபை தேர்ந்தெடுக்கும் வேலை இல்லை.
• கிறிஸ்தவர்களுக்குக் கத்தோலிக்க மதம் மட்டுமே அனுமதி.
• செக் மொழிக்குச் சமமாக ஜெர்மனுக்கும் இடம்.
• சபையில் மதகுருமார்கள் மீண்டும், அதுவும் முதல் வரிசையில்.

மதம் மாற மறுத்தவர்கள் நாட்டை விட்டு வெளியேறினார்கள். குழந்தைகளுக்குப் படங்களோடு பாடப்புத்தகம் எழுதிப் புகழ்பெற்ற கல்வியாளர் கொமேனியுஸ் அவர்களில் ஒருவர். 1628-இல் போனவர் திரும்ப வந்து வாழவே இல்லை.

கவனித்தீர்களா? 1627-க்குப் பிறகும் பொஹீமிய அரசருக்குப் பேரரசில் 7-இல் ஒரு ஓட்டு இருந்தது. அந்த அரசர் யார் என்று சொல்லும் ஓட்டுதான் பொஹீமியர்களிடம் இல்லாமல் போனது.