லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்ற முடியாதா?

நம் வயதுக்காரர்கள் பேரன் பேத்திகளுக்காக என்னிடம் கொண்டுவரும் கேள்விகளில் ஒன்று அண்மைக்காலமாக அடிக்கடி வருகிறது. "லேப்டாப் வாங்கி மூன்று வருஷம்தான் ஆகிறது சார். காலேஜில் கட்டட வரைபடம் போட கிராபிக்ஸ் கார்டு போதவில்லையாம். அதை மட்டும் மாற்ற முடியாதா?"

பணியில் இருந்த காலத்தில் அலுவலகக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். பெரும்பாலான லேப்டாப்களில் முடியாது என்பதுதான் பதில். ஆனால் முன்பு முடிந்தது இப்போது ஏன் முடியவில்லை என்பதற்குப் பின்னால் நாற்பது வருஷத்துக்கும் மேற்பட்ட கதை இருக்கிறது. ஓய்வூதியப் பணத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் நாம் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் இந்தக் கார்டுக்கு என்ன வேலை என்று பார்ப்போம். அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு சாலையில் போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்க்காதவர் நம்மில் யார்? டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய அந்த ஸ்டூடியோவிலிருந்துதான் 1956-ல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான அலிபாபாவும் 40 திருடர்களும் வந்தது. சினிமாவில் நொடிக்கு 24 படங்கள் ஓடும். லேப்டாப் திரை பொதுவாக நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. அகலத்தில் 1,920, உயரத்தில் 1,080 என்று ஒரு திரையில் ஏறத்தாழ 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள். 60 முறை என்றால் நொடிக்குப் பன்னிரண்டு கோடிக்கும் மேல். சினிமாவில் படம் முன்பே எடுத்து வைத்தது. முப்பரிமாண வரைபடத்திலோ, கோணத்தைத் திருப்பும்போதெல்லாம் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தை அப்போதே கணக்குப் போட்டாக வேண்டும். அந்தக் கணக்கைப் போடுவதுதான் கிராபிக்ஸ் சிப்.

1981-ல் ஐ.பி.எம். தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, திரைக்கான அட்டை தனியாகவே இருந்தது. எழுத்து மட்டும் போதும் என்றால் ஒரு அட்டை, வண்ணம் வேண்டும் என்றால் இன்னொன்று. தாய்ப்பலகையில் நீளமான செருகுவாய் இருக்கும். அதில் செருகி ஒரு திருகாணியை முடுக்கினால் வேலை முடிந்தது. 1987-ல் வி.ஜி.ஏ. வந்தது. எங்கள் அலுவலகத்தில் திரையில் படம் வராமல் போனால், பெட்டியைத் திறந்து கார்டைப் பிடுங்கி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து மறுபடி செருகுவோம். பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். சரியாகாவிட்டால் கார்டை மட்டும் வாங்குவோம், கம்ப்யூட்டரை அல்ல.

இதை நம் பக்கத்துக்காரர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். லாரிக்குச் சேசிஸ் கம்பெனியிலிருந்து வரும். பாடியை நாமக்கல்லில் கட்டுவார்கள். பாடி கெட்டால் பாடியை மாற்றலாம். மேஜைக் கம்ப்யூட்டரும் அப்படித்தான். 1999-ல் என்விடியா நிறுவனம் ஜீஃபோர்ஸ் 256 கார்டை விற்றபோதுதான் ஜி.பி.யூ. என்ற பெயர் பரவியது. அதன் பிறகு வருஷத்துக்கு வருஷம் புதிய கார்டு. மேஜைக் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

லேப்டாப்பில் அதற்கு இடம் இல்லை. அதன் சார்ஜர் பெரும்பாலும் 65 வாட். 2022-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090 என்ற மேஜைக் கம்ப்யூட்டர் கார்டு ஒன்றே 450 வாட் வரை இழுக்கும். அந்தச் சூட்டை வெளியேற்றும் விசிறியும் செப்புக் குழாயும் ஒரு விரல் தடிமனுள்ள பெட்டியில் எங்கே போகும்? அதனால் சிப்பைத் தாய்ப்பலகையிலேயே ஈயப்பொட்டுகளால் பற்றவைத்துவிட்டார்கள்.

மாற்று முயற்சி நடக்காமல் இல்லை. 2004-ல் என்விடியா எம்.எக்ஸ்.எம். என்ற அளவு முறையைக் கொண்டுவந்தது. உள்ளங்கையில் அடங்கும் சிறு அட்டை. லேப்டாப்பைத் திறந்து கழற்றி மாட்டலாம். போட்டியாளரான ஏ.டி.ஐ. நிறுவனமும் ஆக்சியம் என்று ஒன்றை அறிவித்தது. ஆனால் ஒரு நிறுவனத்தின் லேப்டாப்பில் குழாய் அமைந்த இடத்தில் இன்னொன்றில் அமையவில்லை. அட்டை பொருந்தினாலும் பயாஸ் ஏற்க மறுத்தது. அட்டையைக் கடையில் தனியாக வாங்குவதும் எளிதாக இல்லை. அளவு முறை இருந்தும் சந்தை உருவாகவில்லை.

பற்றவைத்ததன் விலை 2008-ல் தெரிந்தது. தன் லேப்டாப் சிப்கள் சில, பொதித்த பொருளின் பலவீனத்தால் வழக்கத்தைவிட அதிகமாகக் கெடுகின்றன என்று அந்த ஜூலையில் என்விடியாவே அறிவித்து, 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. தனி அட்டை என்றால் அதை மட்டும் மாற்றலாம். பற்றவைத்த சிப் கெட்டால் தாய்ப்பலகையே போயிற்று. அதே 2008 ஜனவரியில்தான் ஆப்பிள் நிறுவனம் தன் மேக்புக் ஏரைக் காகித உறையிலிருந்து உருவிக் காட்டியது. மெலிவுதான் அழகு என்று உலகம் அந்தப் பக்கம் போய்விட்டது. 2011-ல் இன்டெல் தன் பிராசஸருக்குள்ளேயே, ஒரே சில்லில், கிராபிக்ஸையும் சேர்த்துவிட்டது.

அந்த வருஷம் நம் தமிழ்நாட்டுக்கும் முக்கியமானது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எல்காட் மூலம் வாங்கிய முதல் லேப்டாப்களில் 2 ஜி.பி. ரேம், 320 ஜி.பி. டிஸ்க். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. நம் ஊரில் பல வீடுகளில் நுழைந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். பிள்ளைகள் ரேம் கூட்டினார்கள், டிஸ்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டார்கள், வேகம் கூடியது. கிராபிக்ஸில் மட்டும் கைவைக்க முடியவில்லை.

கையில் இருக்கும் லேப்டாப்புக்கு வழி உண்டா? ஒரு வழி உண்டு. 2015-ல் அறிவிக்கப்பட்ட தண்டர்போல்ட் 3 இணைப்பு நொடிக்கு 40 கிகாபிட் தரும். அது உள்ள லேப்டாப்பில், மேஜைக் கம்ப்யூட்டர் கார்டை வெளியே ஒரு பெட்டியில் வைத்துக் கேபிள் மூலம் இணைக்கலாம். பெட்டி, கார்டு இரண்டுக்கும் செலவு. உள்ளே மாட்டியது போன்ற முழு வேகமும் வராது. கடைக்காரர் 'சிப் மாற்றித் தருகிறேன்' என்றால், பெரும்பாலும் கெட்டுப்போன சிப்புக்குப் பதில் அதே ரகச் சிப்பைப் பற்றவைப்பதையே சொல்கிறார். அது ரிப்பேர், திறன் கூடாது.

புதிய முயற்சிகளும் இருக்கின்றன. அமெரிக்காவின் ஃபிரேம்வொர்க் நிறுவனம் 16 அங்குல லேப்டாப்பின் பின்புறத்தில் கிராபிக்ஸைத் தனித் தொகுதியாக வைத்து 2024-ல் விற்கத் தொடங்கியது. 2025-ல் அதே லேப்டாப்பில் மாட்டப் புதிய தொகுதியையும் அறிவித்தது. முடியவே முடியாது என்று இருபது வருஷமாகச் சொன்னது முழு உண்மை அல்ல என்று இதில் தெரிகிறது. நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்து, டிசம்பர் 24-ல் அதற்கான இணையதளத்தையும் திறந்தது. செல்போனும் மின்னணுப் பொருள்களும் அதில் அடக்கம்.

ஆகவே பேரப்பிள்ளைக்கு லேப்டாப் வாங்கப் போகும் அன்பர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எந்தப் படிப்பு, எந்த மென்பொருள் என்று கல்லூரியில் முதலில் கேளுங்கள். வரைபடமும் அனிமேஷனும் என்றால் கிராபிக்ஸுக்கு ஆகும் பணத்தை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். அதைப் பின்னால் கூட்ட முடியாது. ரேமும் எஸ்.எஸ்.டி.யும் கழற்றி மாட்டும்படி இருந்தால் அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பற்றவைத்ததா என்று கடையில் கேளுங்கள். வீட்டிலேயே வைத்து வேலை செய்யப் போகிறார்கள் என்றால் மேஜைக் கம்ப்யூட்டரையே வாங்குங்கள். அதில் இன்றைக்கும் மூடியைத் திறந்து கார்டை மாற்றலாம்.