பிணை நிற்கும் அட்டை: வெளிநாட்டுப் பயணத்தில் செல்பேசித் தரவின் வரலாறு

ஒரு நாட்டில் பெற்ற செல்பேசி இணைப்பைக் கொண்டு இன்னொரு நாட்டின் வலையமைப்பில் பேசுவதும் இணையத்தைப் பயன்படுத்துவதும் ரோமிங் எனப்படுகிறது. வெளிநாடு செல்வோர் இதற்காகத் தம் செல்பேசியின் அமைப்புகளில் மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டியிருக்கிறது: அயல்நாட்டு வலையமைப்பைத் தேர்ந்தெடுக்கும் பகுதி, ஏபிஎன் என்னும் பெயரை நிரப்பும் கட்டம், டேட்டா ரோமிங் என்னும் பொத்தான். இம்மூன்றும் அடுத்தடுத்த திரைகளில் இருந்தாலும் ஒரே காலத்தில் பிறந்தவையல்ல. முதலாவது 1980களில் ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையின் விளைவு. இரண்டாவது 2000ஆம் ஆண்டையொட்டி வந்த தரவுச் சேவையோடு வந்தது. மூன்றாவது, அச்சேவையின் கட்டணம் பயணிகளைத் திகைக்கவைத்த காலத்தில் இன்றியமையாததாயிற்று. இவற்றின் வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால், ரோமிங் வானொலி அலைகளைவிட, ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளருக்காக வேற்று நாட்டு நிறுவனத்திடம் பிணை நிற்பதையே பெரிதும் சார்ந்தது என்பது விளங்கும். அந்தப் பிணைக்கு நியாயமான விலை எது என்ற கேள்வியைத் தொழில்நுட்பம் தானாகத் தீர்த்துவைக்கவில்லை என்பதும், சட்டம் தலையிட்ட இடங்களிலேயே அது பெருமளவு தீர்ந்தது என்பதும் இவ்வரலாறு காட்டும் மற்றோர் உண்மை.

நாட்டெல்லையைக் கடந்தும் இயங்கும் செல்பேசியை முதலில் திட்டமிட்டவை வட ஐரோப்பாவின் நார்டிக் நாடுகள். 1969இல் அந்நாடுகளின் தொலைத்தொடர்பு நிர்வாகங்கள் கூட்டாகத் தொடங்கிய ஆய்வு, என்எம்டி என்ற பெயருடைய வலையமைப்பாக 1981இல் சுவீடனிலும் நார்வேயிலும், 1982இல் டென்மார்க்கிலும் பின்லாந்திலும் செயல்படத் தொடங்கியது. காரில் பொருத்தப்பட்ட கனமான தொலைபேசியுடன் ஒருவர் இவற்றுள் ஒரு நாட்டிலிருந்து அடுத்த நாட்டுக்குச் சென்றாலும் இணைப்பு தொடர்ந்தது. ஐரோப்பாவின் பிற பகுதிகளின் நிலை இதற்கு நேர்மாறாக இருந்தது. பிரிட்டனும் மேற்கு ஜெர்மனியும் பிரான்சும் தத்தமக்கென ஒன்றோடொன்று பொருந்தாத தொழில்நுட்பங்களைக் கைக்கொண்டதால், ஒரு நாட்டின் தொலைபேசி எல்லையைத் தாண்டியதும் பயனற்றுப் போனது.

இச்சிதறலைப் போக்க ஐரோப்பிய அஞ்சல், தொலைத்தொடர்பு நிர்வாகங்களின் மாநாட்டமைப்பு 1982இல் ஒரு தனிக் குழுவை நிறுவியது. அக்குழுவின் பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகளே பின்னர் உலகெங்கும் பரவிய ஜிஎஸ்எம் என்ற பெயராயின. 1987 செப்டம்பர் 7 அன்று கோபன்ஹேகனில் 13 நாடுகளின் நிறுவனங்கள், ஒரே தரத்தில் வலையமைப்புகளை அமைத்து 1991 ஜூலை 1க்குள் சேவையைத் தொடங்குவது என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. குறித்த அந்த நாளிலேயே பின்லாந்தின் ரேடியோலின்யா நிறுவனத்தின் வலையமைப்பில், முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கெரி தாம்பெரே நகரின் துணை மேயர் காரினா சுவோனியோவுடன் பேசியது உலகின் முதல் ஜிஎஸ்எம் அழைப்பாகக் கருதப்படுகிறது.

ஜிஎஸ்எம் தரத்தின் மிக முக்கியமான முடிவு, வாடிக்கையாளரின் அடையாளத்தைக் கருவியிலிருந்து பிரித்து ஒரு சிறு அட்டைக்குள் வைத்ததே ஆகும். சிம் எனப்படும் அந்த அட்டையை மியூனிக் நகரின் கீசெக்கே அண்டு டெவ்ரியன்ட் நிறுவனம் 1991இல் தயாரித்தது. முதல் 300 அட்டைகளை வாங்கியது ரேடியோலின்யாவே. தொடக்கத்தில் வங்கி அட்டையின் அளவில் இருந்த சிம், பின்னர் படிப்படியாகச் சிறுத்து 2012இல் நானோ அளவை எட்டியது. உருவம் எவ்வளவு மாறினாலும் அதன் உள்ளடக்கத்தின் அடிப்படை மாறவில்லை.

அவ்வுள்ளடக்கத்தில் இரண்டு கூறுகள் முதன்மையானவை. ஒன்று, ஐஎம்எஸ்ஐ எனப்படும், பெரும்பாலும் 15 இலக்கங்கள் கொண்ட அடையாள எண். அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிப்பவை. இந்தியாவுக்கு 404, 405 ஆகியனவும் இலங்கைக்கு 413உம் சிங்கப்பூருக்கு 525உம் உரியவை. மற்றொன்று, சிம்மிலும் அதை வழங்கிய நிறுவனத்தின் மையக் கணினியிலும் மட்டுமே பதிந்திருக்கும் ஓர் இரகசியத் திறவுகோல் எண். சென்னையில் வாங்கிய சிம் கோலாலம்பூரில் இயக்கப்படும்போது, அங்குள்ள வலையமைப்பு முதல் இலக்கங்களைக் கொண்டு அது எந்த நாட்டுக்கும் நிறுவனத்துக்கும் உரியது என்று அறிந்து, அந்நிறுவனத்தின் நிலைப் பதிவேட்டைத் தொடர்புகொள்கிறது. தாய் நிறுவனம் திறவுகோலை அனுப்புவதில்லை; ஒரு வினாவையும் உண்மையான சிம் அதற்குத் தர வேண்டிய விடையையும் அனுப்புகிறது. சிம் கணித்துத் தரும் விடை அதனுடன் பொருந்தினால், பயணியின் விவரம் அயல் வலையமைப்பின் தற்காலிகப் பதிவேட்டில் ஏறுகிறது. நாட்டுக்கோட்டை நகரத்தார் எழுதிய உண்டியலை இரங்கூனிலும் கொழும்பிலும் இருந்த கடைகள் அதை எழுதியவரின் நாணயத்தை நம்பி ஏற்றுப் பணம் கொடுத்ததைப் போல, இங்கும் முகம் அறியாத பயணிக்குச் சேவை கிடைப்பது அவருக்குப் பின்னால் நிற்கும் நிறுவனத்தின் நாணயத்தால்தான்.

இவ்வகையில் முதல் பன்னாட்டு ரோமிங் ஒப்பந்தம் 1992இல் டெலிகாம் பின்லாந்துக்கும் பிரிட்டனின் வோடபோனுக்கும் இடையே கையெழுத்தானது. ஒப்பந்தங்கள் பெருகியபோது கணக்கு வழக்கும் பெருகியது. அயல் வலையமைப்பு ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு பதிவை எழுதி, டாப் எனப்படும் பொது வடிவக் கோப்பில் தொகுத்துத் தாய் நிறுவனத்துக்கு அனுப்ப, இரு தரப்பின் பற்று வரவையும் நேர்செய்யத் தனித் தீர்வகங்கள் தோன்றின. ஜிஎஸ்எம் இல்லாத நாடுகளுக்கு இந்த ஏற்பாடு எட்டவில்லை. ஜப்பானும் தென்கொரியாவும் வேறு தொழில்நுட்பங்களைப் பின்பற்றியதால், மூன்றாம் தலைமுறை வலையமைப்புகள் வரும்வரை ஐரோப்பிய, இந்தியச் செல்பேசிகள் அங்கே பயன்படவில்லை.

2000ஆம் ஆண்டையொட்டி ஜிபிஆர்எஸ் என்ற தரவுச் சேவை வந்தபோது, பிணையின் தன்மை மேலும் விரிந்தது. பேச்சழைப்பில் அயல் வலையமைப்பே பெரும்பாலும் அழைப்பை உரிய எண்ணுக்குக் கொண்டுசேர்த்துவிடும். தரவிலோ, பயணி எந்த நாட்டில் இருந்தாலும் அவருடைய இணையப் போக்குவரத்து முழுவதும் தாய் நாட்டுக்குத் திரும்பி, அங்கிருந்தே இணையத்துக்குள் நுழையும் முறை நிலைபெற்றது. அந்த நுழைவாயிலின் பெயரே ஏபிஎன்; பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்கள் நிரப்பும் பிஎஸ்என்எல்நெட் என்பது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அயல் வலையமைப்பு இப்பெயருடன் தாய் நிறுவனத்தின் குறியெண்ணைச் சேர்த்து, பொது இணையத்திலிருந்து ஒதுங்கிய, செல்பேசி நிறுவனங்களுக்கு மட்டுமே உரிய ஒரு பரிமாற்ற வலையமைப்பில் விசாரித்து, நுழைவாயிலின் முகவரியை அறிந்து அதுவரை ஒரு மூடிய வழியை அமைக்கிறது. ஏபிஎன் பிழையாக இருந்தால் அலைக்கோடுகள் முழுமையாகத் தெரிந்தும் இணையம் கிடைக்காமல் போவதும், பாரிஸில் இருக்கும் இந்தியரைப் பல இணையத்தளங்கள் இந்தியாவில் இருப்பவராகவே கருதுவதும், பக்கத்து ஊர்ச் செய்தியைத் திறக்கக்கூடச் சற்றுத் தாமதமாவதும் இந்த நீண்ட சுற்றின் விளைவுகள்.

தொழில்நுட்பம் இவ்வளவு சீராக வளர்ந்த காலத்தில் விலை மட்டும் உயரத்திலேயே நின்றது. அயல் வலையமைப்பு தாய் நிறுவனத்திடம் கேட்கும் மொத்த விலையை இரு நிறுவனங்கள் தமக்குள் பேசி முடிவுசெய்தன. அதைக் கொடுக்கும் பயணிக்கோ அந்தப் பேச்சில் இடமில்லை. ஒருவர் தம் நாட்டில் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது உள்நாட்டுக் கட்டணத்தையே ஒப்பிட்டதால், ரோமிங் விலையைக் குறைத்து வாடிக்கையாளரை ஈர்க்க வேண்டிய கட்டாயம் நிறுவனங்களுக்கு எழவில்லை. 2007இல் ஐபோனும் அதைத் தொடர்ந்து பிற அறிதிறன்பேசிகளும் பரவியபோது இக்குறை பெருந்துன்பமாக மாறியது. பயனர் எதையும் தொடாத நேரத்திலும் மின்னஞ்சலைச் சரிபார்ப்பதும் செயலிகளைப் புதுப்பிப்பதும் இக்கருவிகளின் இயல்பு என்பதால், விடுமுறை முடிந்து வீடு திரும்பியவர்களை எதிர்பாராத பெருந்தொகைப் பட்டியல்கள் வந்தடைந்தன. டேட்டா ரோமிங் என்னும் பொத்தான் பெரும்பாலான கருவிகளில் அணைந்த நிலையிலேயே வருவதற்குக் காரணம் இந்தக் காலத்தின் அனுபவமே.

இந்நிலையை மாற்றும் முயற்சி ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடங்கியது. நிறுவனங்களின் போட்டியின்மையைக் குறித்து விசாரித்தும் பலன் காணாத ஐரோப்பிய ஆணையம், தகவல் சமூகத் துறையின் ஆணையர் விவியான் ரெடிங் காலத்தில் நேரடியான விலை வரம்பை நாடியது. 2007 ஜூனில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறை, ஒன்றியத்துக்குள் பயணம் செய்வோர் செய்யும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 49 சென்ட், பெறும் அழைப்புக்கு 24 சென்ட் என உச்சவரம்பு விதித்தது. வோடபோன் உள்ளிட்ட நிறுவனங்கள் இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், ஒன்றியத்துக்கு இவ்வாறு விலையை வரையறுக்கும் அதிகாரம் உண்டு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010 ஜூனில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பே பின்வந்த சட்டங்கள் அனைத்துக்கும் உறுதியான அடித்தளமானது.

தரவுக்கான வரம்பு 2009இல் வந்தது. ஒரு மெகாபைட்டுக்கு நிறுவனங்கள் தமக்குள் வாங்கும் மொத்த விலை 1 யூரோவைத் தாண்டக்கூடாது என்று விதிக்கப்பட்டதிலிருந்தே அதற்கு முந்தைய நிலையை உய்த்துணரலாம். 2010 ஜூலை முதல், வாடிக்கையாளர் வேறு வரம்பைக் கேட்டுப் பெற்றிருந்தாலன்றி, ரோமிங் தரவுக்கான செலவு மாதம் 50 யூரோவை எட்டியதும் அவரது ஒப்புதல் இல்லாமல் இணைப்பைத் தொடரக்கூடாது என்ற பாதுகாப்பும் சேர்ந்தது. பயணியிடம் நேரடியாக வாங்கும் விலைக்கு 2012இல் மெகாபைட்டுக்கு 70 சென்ட், 2013இல் 45 சென்ட், 2014இல் 20 சென்ட் என வரம்பு இறங்கி வந்து, 2017 ஜூன் 15 முதல் உள்நாட்டுக் கட்டணமே ஒன்றியம் முழுவதற்கும் பொருந்தும் என்ற நிலை ஏற்பட்டது. அந்த ஆண்டின் மொத்த விலை வரம்பு ஒரு கிகாபைட்டுக்கு 7.70 யூரோ, 2009இன் வரம்பின்படி அதே அளவுத் தரவுக்கு ஏறத்தாழ 1000 யூரோ வாங்கியிருக்க முடியும். எட்டே ஆண்டுகளில் நேர்ந்த இவ்வளவு பெரிய வீழ்ச்சியில் தொழில்நுட்பச் செலவு குறைந்ததற்கும் பங்கு உண்டு. எனினும் அந்தக் குறைவைப் பயணியின் கைக்குக் கொண்டுசேர்த்தது சட்டமே. 2022இல் புதுப்பிக்கப்பட்ட இச்சட்டம் 2032 வரை நீடிக்கும். பிரிட்டன் ஒன்றியத்திலிருந்து விலகியபின் அந்நாட்டின் சில பெரிய நிறுவனங்கள் ஐரோப்பியப் பயணத்துக்கு மீண்டும் கட்டணம் விதிக்கத் தொடங்கியது, சட்டம் அகன்றால் விலை எங்கே செல்லும் என்பதற்குச் சான்றாக நிற்கிறது.

சட்டம் இல்லாமலே எல்லையை அகற்றிய முன்மாதிரியும் ஒன்று உண்டு. அது ஆப்பிரிக்காவில் தோன்றியது. சூடானில் பிறந்த பொறியாளர் மோ இப்ராஹிம் நிறுவிய செல்டெல் நிறுவனம், 2006 செப்டம்பரில் கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய மூன்று நாடுகளிலும் இருந்த தன் வலையமைப்புகளை ஒன்றாக இணைத்து, பயணிகள் உள்ளூர்க் கட்டணத்தில் பேசவும், வரும் அழைப்புகளை இலவசமாகப் பெறவும், சென்ற நாட்டின் ரீசார்ஜ் அட்டையையே பயன்படுத்தவும் வழிசெய்தது. எல்லையின் இருபுறமும் உறவும் வணிகமும் கொண்ட மக்களின் வாழ்க்கையை உணர்ந்து செய்த ஏற்பாடு அது. எனினும், மூன்று நாடுகளிலும் ஒரே நிறுவனம் இருந்ததால்தான் அது எளிதாயிற்று என்பதையும், பிணை நிற்பவரும் ஏற்பவரும் ஒருவராகவே இருந்தனர் என்பதையும் மறக்கலாகாது.

இத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லாத நாடுகளின் பயணிகள், சென்ற இடத்தில் உள்ளூர் சிம் வாங்குவதையே வழக்கமாக்கிக்கொண்டனர். இதில் இந்தியப் பயணிக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. வங்கிப் பரிமாற்றத்துக்கான ஓடிபி எண் இந்திய இணைப்புக்கே குறுஞ்செய்தியாக வருவதால், அதைக் கழற்றி வைத்துவிட இயலாது. இரட்டை சிம் செல்பேசிகள் இதற்கு ஒரு வழி தந்தன. இ-சிம் அதை மேலும் எளிதாக்கியது. இ-சிம் என்பது கருவியிலேயே பதித்த சில்லில் நிறுவனத்தின் அடையாள விவரங்களைக் க்யூஆர் குறியீட்டின் வழியாக இறக்கிக்கொள்ளும் முறை. பொதுப் பயனர்களுக்கான அதன் தரம் 2016இல் வெளியாகி, 2017இல் கூகுளின் பிக்சல் 2இலும் 2018இல் ஐபோன் எக்ஸ்எஸ்ஸிலும் இடம்பெற்றது. 2022இல் அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14இல் சிம் அட்டைக்கான துளையே இல்லை.

ஆயினும் பயணத்துக்கென விற்கப்படும் இ-சிம்களுள் பல, செல்லும் நாட்டின் நிறுவனம் வழங்கியவையல்ல. மூன்றாம் நாடொன்றின் நிறுவனம் வழங்கி, ரோமிங் முறையிலேயே இயங்குபவை. அதனால்தான் அந்த இணைப்புக்கு டேட்டா ரோமிங்கை இயக்குமாறும் குறிப்பிட்ட ஏபிஎன்னை நிரப்புமாறும் அவற்றின் அறிவுறுத்தல்கள் கூறுகின்றன. ஓடிபிக்காக வைத்திருக்கும் இந்திய இணைப்பில் டேட்டா ரோமிங்கை அணைத்தும், இ-சிம்மில் அதை இயக்கியும், தரவுக்குரிய இணைப்பாக இ-சிம்மைக் குறித்தும் வைக்கும் பயணி, 1992இல் தொடங்கிய பிணை முறையையே புதிய வடிவில் பயன்படுத்துகிறார்; அட்டை மறைந்தாலும் அதன் பின்னுள்ள ஒப்பந்தம் மறையவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ளதைப் போல நாடுகள் கூடி இயற்றிய ரோமிங் சட்டம் தெற்காசியாவில் இல்லை. பாக் நீரிணையின் இருகரைக்கும் இடையே குறுகிய தூரமே இருந்தும், அதைக் கடப்பவரின் தரவுக் கட்டணம் அவர் வாங்கும் ரோமிங் திட்டத்தையும் நிறுவனங்களின் தனி ஒப்பந்தங்களையும் பொறுத்தே அமைகிறது. ஒரு நாட்டின் சிம்மை இன்னொரு நாட்டின் கோபுரம் நம்பி ஏற்கும் கருவியமைப்பு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே முழுமை பெற்றுவிட்டது. பயணியின் சார்பில் விலைப் பேச்சில் அமர அரசுகள் முன்வந்த இடத்தில் அதன் பயன் பொதுமக்களைச் சேர்ந்தது, முன்வராத இடத்தில் அது வசதி படைத்தோரின் சேவையாகவே தங்கியது. தெற்காசியா இவ்விரண்டில் எந்த நிலையைத் தேர்ந்துகொள்ளும் என்பது பொறியாளர்கள் தீர்க்க வேண்டிய கேள்வி அன்று. அரசுகள் விடையளிக்க வேண்டிய கேள்வி.