கீரையின் நிறமியும் குழந்தையின் எதிர்ப்பாற்றலும்: கோவை ஆய்வு ஒன்றை முன்வைத்து

ஈரோட்டு மஞ்சள் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அடுத்த ஆண்டே கொரோனா வந்து, மஞ்சள் பாலை எதிர்ப்புச் சக்தியின் மறுபெயராக்கிவிட்டது. மஞ்சளின் நிறமியான குர்குமின், ஆய்வுக்கூடச் செல்களில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளை அடக்குவது உண்மை. ஆனால் உண்ணும் குர்குமினில் மிகச் சிறு பங்கே குருதியை எட்டுகிறது. மிளகிலுள்ள பைப்பரின் அந்தப் பங்கைப் பலமடங்கு கூட்டுவதாக 1998-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டினர். அவர்கள் கொடுத்தது 2 கிராம் குர்குமின். நூற்றுக்கு மூன்று பங்கு குர்குமின் உள்ள மஞ்சள்தூளில் அதைப் பெற 65 கிராமுக்கு மேல் வேண்டும்; எந்த வீட்டுக் குழம்பிலும் அவ்வளவு விழாது.

எதிர்ப்பாற்றலோடு இதைவிட உறுதியான தொடர்புள்ள நிறமி கீரைக்கட்டில் இருக்கிறது. பச்சையத்தின் அடியில் மறைந்துள்ள பீட்டா கரோட்டினைக் குடற்சுவர் வைட்டமின் ஏ-ஆக மாற்றுகிறது. அதிலிருந்து உருவாகும் ரெட்டினாயிக் அமிலம், நிணநீர்ச் செல்கள் குடலைத் தேடிச் சென்று காவல் நிற்கத் துணைபுரிகிறது. திருச்சி மாவட்டத்தில் 15,419 சிறுவர்களிடம் ஓராண்டு நடந்து 1990-இல் வெளியான சோதனையில், வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்றவர்களின் இறப்பு அபாயம் மற்றவர்களுடையதில் பாதிக்கும் கீழே இறங்கியது. அதிகம் பயனடைந்தவர்கள் மூன்று வயதுக்கு உட்பட்டோரும் ஊட்டக்குறைவால் வளர்ச்சி குன்றியோருமே. என் வாதத்துக்கு இதுவே அடிப்படை: இந்த நிறமி பற்றாக்குறையைத் தீர்க்கிறது, நிறைவாக உள்ளவரின் எதிர்ப்பாற்றலை மேலும் உயர்த்துவதற்குச் சான்று மெலிந்தது. பின்லாந்தில் புகைபிடிப்போருக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தபோது நுரையீரல் புற்று கூடியது என்பதையும் இங்கே மறக்கலாகாது.

திருச்சியில் தரப்பட்டது ஆயத்த வைட்டமின். கீரையே அந்த வேலையைச் செய்யுமா? கோவை அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியில் ராஜம்மாள் தேவதாஸ் குழுவினர், பள்ளி வயதை எட்டாத சிறாருக்குத் தண்டுக்கீரையும் பப்பாளியும் கொடுத்து இதை ஆராய்ந்து 1980-இல் வெளியிட்டனர். விலை மலிந்த உள்ளூர் உணவை ஆய்வுப்பொருளாக்கிய அந்தத் துணிவு இன்றும் அரிது. எனினும் 1995-இல் மேற்கு ஜாவாவில், பாலூட்டும் தாய்மார்களின் வைட்டமின் ஏ நிலையைக் கீரை உயர்த்தவில்லை. அதே நிறமியைச் சேர்த்த பிஸ்கட் உயர்த்தியது. ஆக, நிறமி இலையின் செல்களுக்குள் சிறைப்பட்டிருப்பதே தடை எனலாம். உணவில் கொழுப்பும் குடற்புழு நீக்கமும் சேர்ந்தால் பலன் கூடும் என்பதைச் சுமத்ரா ஆய்வு 1998-இல் காட்டியது.

இங்கே கொங்குச் சமையல் கவனத்துக்குரியது. கீரை கடைசலில் வேகவைத்ததை மத்தால் கடைகிறோம். கடலை எண்ணெயில் தாளிக்கிறோம். முதலாவது செல்சுவரைச் சிதைக்கும், இரண்டாவது நிறமியைக் கரைக்கும். இதனால் குழந்தைக்குக் கிடைக்கும் பலன் கூடும் என்பது இன்னும் கருதுகோள்தான். கோவை ஆய்வை இன்று மீண்டும் நடத்துவோர் பொரியலையும் கடைசலையும் ஒரே தலைப்பில் அடக்காமல் தனித்தனியே அளக்க வேண்டும். ஒவ்வொரு குழந்தையின் தட்டிலும் விழுந்த எண்ணெயையும் குறித்துவைக்க வேண்டும்.