‘கிறிஸ்துவுக்குள்’: ஒரு சொல்லும் சில சுவர்களும்

எங்க அம்மாச்சி செத்தப்போ அடிச்ச நோட்டீஸில் ‘கிறிஸ்துவுக்குள் நித்திரையடைந்தார்’ என்று போட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் சபைக்காரர்கள் வீட்டுச் சாவு எதுவானாலும் இந்த வரிதான். தெருக்காரர் சாவுக்கும் இதே வரி, சேரிச் சாவுக்கும் இதே வரி. ஆனால் புதைக்கிற இடம் வேறு. அவுங்க கல்லறை மேட்டுப் பக்கம், எங்க கல்லறை வாய்க்கால் பக்கம். ஐப்பசி, கார்த்திகையில் குழி தோண்டினால் தண்ணி ஊறிக்கொண்டே இருக்கும். அம்மாச்சி குழியிலும் ஊறியது. வாளி போட்டு இறைத்துவிட்டுத்தான் பெட்டியை இறக்கினோம்.

அன்றிலிருந்து ‘கிறிஸ்துவுக்குள்’ என்கிற அந்தச் சொல் என்னை விடவில்லை. உள் என்றால் எது உள்? யார் வெளி?

இந்தச் சொல்லைத் தன் கடிதங்களில் திரும்பத் திரும்ப எழுதியவர் பவுல். பாவம் மனிதரைக் கடவுளிடமிருந்து பிரிக்கிறது, ஞானஸ்நானம் அவர்களைக் கிறிஸ்துவோடு இணைக்கிறது, இராப்போசனம் அந்த இணைப்பைக் காக்கிறது என்பது திருச்சபையின் அடிப்படைப் போதனை. பவுல் அதோடு நிறுத்தவில்லை. கிறிஸ்துவோடு இணைந்தவர்களுக்குள் யூதன், கிரேக்கன், அடிமை, சுயாதீனன் என்கிற வேற்றுமைக்கு இடமில்லை என்று கலாத்தியருக்கு எழுதினார். கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். அது கர்த்தருடைய பந்தியே அல்ல என்று அவர்களைக் கண்டித்தார். அதாவது, பந்தியில் மனிதரைப் பிரிக்கிறவனுக்குக் கிறிஸ்துவோடு ஐக்கியம் கிடையாது. தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது இந்தப் போதனை என்ன ஆனது?

சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706இல். அவர் காலத்தில் எழுந்த புதிய எருசலேம் ஆலயம் 1718இல் திறக்கப்பட்டது. அந்த ஆலயத்துக்குள்ளேயே வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள், பறையர் கிறிஸ்தவர்கள் வெறுந்தரையில் உட்கார்ந்தார்கள். பிரசங்கம் ஒன்று, ஜெபம் ஒன்று. பாய் மட்டும் பாதிப் பேருக்கு.

இராசநாயக்கன் என்றொருவர் இருந்தார். பறையர். தஞ்சை மன்னர் படையில் வேலை பார்த்தவர். தமிழில் அச்சான வேதாகமத்தைத் தானே படித்து, 1727இல் தரங்கம்பாடி மிஷனோடு சேர்ந்தார். தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக ஊர் ஊராக அலைந்தார். முதன்முதலாக ஒரு தமிழருக்குக் குருப்பட்டம் கொடுப்பது என்று மிஷன் யோசித்தபோது அவர் பெயரும் வந்தது. அவருடைய தகுதியில் மிஷனரிகள் குறை காணவில்லை. அவர் கையால் இராப்போசனம் கொடுத்தால் மேல்சாதிக் கிறிஸ்தவர்களுக்கு அந்தச் சடங்கின் மேலேயே மதிப்புக் குறைந்துவிடும் என்று தயங்கினார்கள். 1733இல் பட்டம் பெற்றவர் ஆரோன், கடலூர் வெள்ளாளர். இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் சுதேசி குரு என்று வரலாறு அவரைக் கொண்டாடுகிறது. ஆரோன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஒன்றைக் கேட்டாக வேண்டும். அப்பத்தைக் கிறிஸ்துவின் சரீரம் என்று நம்பியவர்களுக்கு, அதைத் தொட்ட பறையர் கை மட்டும் ஏன் பெரிதாகத் தெரிந்தது? இராசநாயக்கன் 1771இல் சாகும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

கத்தோலிக்கர் கதையும் வேறல்ல. சாகக் கிடக்கிற பறையரின் குடிசைக்குள் குருமார் போவதில்லை. நோயாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். போப்பின் தூதராக வந்த தூர்னோன், குடிசைக்குள் போய்த்தான் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும் என்று 1704இல் புதுச்சேரியில் ஆணை போட்டார். அதை எதிர்த்து நாற்பது ஆண்டு வழக்காடினார்கள். கடைசியில் 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் கண்ட வழி, பறையருக்கென்று தனிக் குருமார். சாவுப் படுக்கையில் கடவுள் வந்து சேர்வதற்கும் தனிப் பாதை போட வேண்டியிருந்தது.

அடுத்த வருசமே நடந்ததைத்தான் நாம் மறக்கக் கூடாது. ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் எழுதி வைத்திருக்கிறார். புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் ஒரு சுவர். இந்தப் பக்கம் பறையர், அந்தப் பக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் வெள்ளைக்காரர்களும். பறைச்சேரிச் சனங்கள் திரண்டு போய்ப் பெரிய சாமியாரிடம் கேட்டார்கள். நாங்களும் சீடர்கள்தானே, ஆண்டவர் எல்லாருக்கும் ஒருவர்தானே, எங்களை மட்டும் ஏன் ஒதுக்க வேண்டும் என்பதே அவர்கள் முறையீட்டின் சாரம். நியாயம் என்று ஒப்புக்கொண்டு சுவரை இடிக்கச் சொன்னார் சாமியார். எழுதியவர் கிறிஸ்தவருமல்ல, தலித்துமல்ல. நம் சனங்களுக்காக வக்காலத்து வாங்க வேண்டிய அவசியம் அவருக்கில்லை. அதனாலேயே இது வலுவான சாட்சி. வேதசாஸ்திரம் படித்தவர்கள் சுவரோடு சமரசம் செய்துகொண்டபோது, கிறிஸ்துவோடு இணைவது என்றால் என்ன என்று சரியாக விளங்கிக்கொண்டவர்கள் அந்தப் பறைச்சேரிச் சனங்கள்தான். அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

தஞ்சையில் இது இன்னும் வெளிப்படையாக நடந்தது. சாதி சமூக வழக்கம், அதற்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தமில்லை என்று பழைய மிஷனரிகள் விட்டுவைத்தார்கள். ஆத்துமாவுக்கு ஐக்கியம், உடம்புக்குப் பிரிவினை. பறையரோடு கலந்து உட்கார்வதையும் திருவிருந்து எடுப்பதையும் எதிர்த்து, சாதி ஆசாரத்தை நியாயப்படுத்தி 1829இல் நூலெழுதியவர் வேதநாயக சாஸ்திரியார். அவருடைய பாட்டுகளை எங்கள் சேரியிலும் பாடுகிறோம். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே, முழுதாக விட்டொழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் ஏராளமானோர் சபையை விட்டு வெளியேறினார்கள். பறையரோடு ஒரே கிண்ணத்தில் குடிப்பதைவிடக் கிண்ணமே வேண்டாம் என்று போனார்கள். பின்னால், 1840க்குப் பிறகு, சாதியைப் பொறுத்துக்கொண்ட லைப்சிக் மிஷனில் அவர்களில் பலருக்கு இடம் கிடைத்தது.

அம்மாச்சி சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் எங்கள் சபையில் கிண்ணம் முதலில் தெருக்காரர் பக்கம்தான் போகுமாம். ‘அவுங்க குடிச்சு மிச்சம்தான் நமக்கு வரும்’ என்று சொல்லும். சொல்லிவிட்டுச் சிரிக்கும்.

சபை இப்படியென்றால் அரசு எப்படி? 1950இல் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில்லை என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவ தலித்தைச் சேர்க்கவில்லை. சேர்க்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தும் நடக்கவில்லை. 2022இல் இன்னோர் ஆணையம் அமைத்தார்கள். கிறிஸ்தவத்தில் சாதியில்லையாம். எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து பார்த்துவிட்டு அதைச் சொல்லட்டும்.

கடவுளிடமிருந்து பிரிந்து கிடப்பவர்கள் யார் என்ற கேள்விக்கு இவ்வளவு காலமும் நம்மைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்கள். இருளில் கிடந்தவர்கள், மீட்கப்பட்டவர்கள் என்றெல்லாம் மிஷன் அறிக்கைகள் நம்மைப் பற்றி எழுதின. அவர்களுடைய போதனையையே அளவுகோலாக வைத்துப் பார்த்தால் பதில் வேறாக வருகிறது. பாயை விரித்தவனும், சுவரை எழுப்பியவனும், கிண்ணத்தைத் தள்ளிவிட்டுப் போனவனும்தான் பிரிந்து நின்றவர்கள். வெறுந்தரையில் உட்கார்ந்தவர்கள் எங்கேயும் போகவில்லை.

எங்க அம்மாச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒருநாள் கோயில் விட்டு வரும்போது, ‘ஏன் ஆயுசுக்கும் கடைசியிலேயே உக்காந்திருக்கே?’ என்று கேட்டேன். ‘நான் உள்ளதான் இருக்கேன். உள்ள வரணும்னா அவுங்கதான் எந்திரிச்சு வரணும்’ என்றது.

இன்னும் அவர்கள் எழுந்து வரவில்லை. வரும்வரை காத்திருக்க நமக்கும் நேரமில்லை. 1745இல் திரண்டு போய்க் கேட்டதுபோல, அந்த மேட்டுக் கல்லறையில் நமக்கும் குழி வேண்டும் என்று கேட்பதிலிருந்து தொடங்கலாம்.