மிரோஸ்லாவ் குளோசே

மிரோஸ்லாவ் குளோசே (பிறப்பு: 9 ஜூன் 1978) ஓய்வுபெற்ற ஜெர்மன் கால்பந்து முன்கள வீரர். 2002 முதல் 2014 வரை நான்கு உலகக் கோப்பைகளில் 24 ஆட்டங்கள் ஆடி 16 கோல்கள் அடித்தார். ஜெர்மன் தேசிய அணிக்காக 137 ஆட்டங்களில் 71 கோல்கள் அடித்துள்ளார். அந்த அணியின் வரலாற்றில் வேறு எவரும் இத்தனை கோல் அடித்ததில்லை.

போலந்தின் சிலேசியப் பகுதியிலுள்ள ஒப்போலே நகரில் பிறந்தார். தந்தை யோசெஃப், ஒட்ரா ஒப்போலே அணியிலும் பிரான்சின் ஓசேர் அணியிலும் ஆடிய கால்பந்து வீரர். தாய் பார்பரா போலந்து தேசிய ஹேண்ட்பால் அணியில் ஆடியவர். தந்தை வழியில் ஜெர்மானியப் பூர்வீகம் இருந்ததால் குடும்பம் 1986இல் மேற்கு ஜெர்மனியில் குடியேறி, பிரெஞ்சு எல்லையிலிருந்து அதிகத் தொலைவில்லாத கூசெல் என்ற சிற்றூரில் தங்கியது. எட்டு வயதுச் சிறுவனுக்கு அப்போது ஜெர்மன் மொழியில் தெரிந்தவை இரண்டே சொற்கள். ஊர்ப் பிள்ளைகளோடு அவர் பழகியது பந்தின் வழியாகத்தான்.

பெரிய கழகங்களின் இளையோர் பயிற்சிக்கூடம் எதிலும் அவர் வளரவில்லை. தச்சுத் தொழில் பழகிக்கொண்டே பிளாவ்பாக்-டீடெல்கோப்ஃப் என்ற கிராமத்து அணியில் ஆடினார். உடன்வயதினர் பலர் முதல்நிலைக் கழகங்களில் ஒப்பந்தமாகிவிட்ட இருபது வயதில்தான் ஹோம்பூர்க் அணிக்குப் போனார். 1999இல் கைசர்ஸ்லவுட்டர்ன் கழகம் அவரைத் தன் இரண்டாம் அணிக்கு எடுத்துக்கொண்டது. 2000 ஏப்ரலில் ஜெர்மனியின் முதல்நிலை லீகான பண்டெஸ்லீகாவில் அறிமுகமானார்.

அடுத்த ஆண்டே இரு நாடுகள் அவரைக் கவனித்தன. போலந்துப் பயிற்றுநர் யெர்சி எங்கெல் தம் அணிக்கு அழைத்தார். குளோசே, ரூடி ஃபொல்லர் பயிற்றுவித்த ஜெர்மன் அணியைத் தேர்ந்துகொண்டார். தாம் வளர்ந்த நாட்டுக்கு ஆடுவது இயல்பான முடிவே. 2001 மார்ச்சில் அல்பேனியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கி, 88ஆம் நிமிடத்தில் வெற்றிக் கோலை அடித்தார்.

2002 உலகக் கோப்பையில் சவூதி அரேபியாவை ஜெர்மனி 8-0 என வென்றபோது மூன்று கோல்கள் அவருடையவை. அத்தொடரில் அவர் அடித்த ஐந்து கோல்களும் தலையால் முட்டியவை. ஓங்கி எழும்பும் உயரம் மட்டும் இதற்குக் காரணமல்ல. பக்கவாட்டிலிருந்து பந்து வரும் நேரத்தைக் கணித்து, தடுப்பாளரின் முதுகுப்புறத்திலிருந்து ஓடி வருவதே அவர் உத்தி. கோல் அடித்ததும் அந்தரத்தில் கரணம் போடுவது அவர் அடையாளமானது.

2004இல் வெர்டர் பிரேமனுக்கு மாறினார். 2005-06இல் 25 கோல்களுடன் பண்டெஸ்லீகாவில் முதலிடம் பெற்றார். சொந்த மண்ணில் நடந்த 2006 உலகக் கோப்பையிலும் ஐந்து கோல்கள் அடித்துத் தங்கக் காலணி வென்றார். 2007 முதல் 2011 வரை பயெர்ன் மியூனிக்கில் இரு லீக் பட்டங்கள் பெற்றாலும், பிற்பகுதியில் பெரும்பாலும் மாற்று வீரராகவே இருந்தார். 2011இல் இத்தாலியின் லாட்சியோவுக்குப் போய் 2013இல் இத்தாலியக் கோப்பையை வென்றார்.

நேர்மைக்கும் பெயர் பெற்றவர். 2005இல் பீலெஃபெல்டுக்கு எதிராகத் தமக்கு வழங்கப்பட்ட பெனால்டி தவறானது என்று நடுவரிடம் தாமே சொன்னார். 2012இல் நாப்போலிக்கு எதிரான ஆட்டத்தில் பந்து தம் கையில் பட்டு வலைக்குள் போனதை ஒப்புக்கொண்டார். நடுவர் கோலை ரத்து செய்தார். லாட்சியோ அந்த ஆட்டத்தில் 0-3 எனத் தோற்றது.

2010இல் நான்கு கோல்கள் சேர்த்து, முன்னாள் ஜெர்மன் வீரர் கெர்ட் முல்லரின் 14 என்ற உலகக் கோப்பைக் கணக்கை எட்டினார். 2014இல், 36 வயதில், கானாவுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கிய இரண்டாம் நிமிடத்தில் கோல் அடித்து பிரேசிலின் ரொனால்டோவைச் சமன்செய்தார். பெலோ ஒரிசோன்டேயில் ஜெர்மனி பிரேசிலை 7-1 என வீழ்த்திய அரையிறுதியில், கோல்காப்பாளர் தட்டிவிட்ட பந்தையே மீண்டும் உதைத்து 16ஆவது கோலை அடித்தார். முல்லர் தம் 14 கோல்களை 13 ஆட்டங்களில் அடித்தார் என்பதால் சிலர் அவரையே மேலாகக் கருதுவர். ஆயினும் நான்கு தொடர்களில் கோல் அடித்த நிலைத்தன்மை குளோசேயுடையது. 2014 இறுதி ஆட்டத்தில் 88ஆம் நிமிடத்தில் அவருக்குப் பதிலாக இறங்கிய மாரியோ கோட்சே வெற்றிக் கோலை அடித்தார்.

2014 ஆகஸ்டில் தேசிய அணியிலிருந்தும், 2016 நவம்பரில் ஆட்டத்திலிருந்தும் ஓய்வு பெற்றார். பின்னர் பயெர்னின் 17 வயதுக்குட்பட்டோர் அணி, ஆஸ்திரியாவின் ஆல்ட்டாக் ஆகியவற்றைப் பயிற்றுவித்து, 2024இல் நூரென்பெர்க் கழகத்தின் தலைமைப் பயிற்றுநரானார்.