சி மொழி எடுத்துக்கொண்ட சொற்கள்

திருப்பூர் வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனிக்கு சி மொழியில் கணக்கு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஆர்டர் 5000 பீஸ், பெட்டியில் ஏறியது 4960. குறைந்த நாற்பதை அங்கே எல்லோரும் 'ஷார்ட்' என்றுதான் சொல்வார்கள். அதையே மாறியின் பெயராக வைத்து 'இண்ட் ஷார்ட் = 40;' என்று எழுதினால் கம்பைலர் மறுத்துவிடும். 'இண்ட் ஷார்ட்' என்பதை அது சிறிய முழு எண் என்று படித்துக்கொண்டு, "சரி, பெயர் எங்கே?" என்று தேடும். வருகைப் பதிவேட்டுக்கு 'ரெஜிஸ்டர்' என்று பெயர் வைத்தாலும் இதே கதிதான். இரண்டும் சி மொழி தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட சொற்கள்.

இந்தச் சொற்கள் ஒரே நாளில் வந்தவை அல்ல. பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன் உருவாக்கிய 'பி' மொழியிலிருந்து, டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் சி மொழியை வளர்த்தெடுத்தார். பி மொழியில் உள்மாறிகளை அறிவிக்க 'ஆட்டோ' தேவைப்பட்டது. சி மொழிக்கு வந்தபின் அதை எழுதாமலே வேலை நடந்தது, ஆனாலும் சொல் மட்டும் பட்டியலில் தங்கிவிட்டது. பரீட்சைக்காக அதை மனப்பாடம் செய்தவர்கள் எத்தனையோ பேர், நிரலில் எழுதியவர்கள் மிகச் சிலரே!

1978ல் கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய புத்தகத்தில் 28 சொற்கள் இருந்தன. அதில் ஒன்று 'என்ட்ரி'. எந்தக் கம்பைலரும் அதற்கு ஒரு வேலையும் கொடுக்கவில்லை, பிற்காலத்துக்கு என்று துண்டு போட்டு வைத்த இடம் அது. பிற்காலம் வரவேயில்லை. 1989ல் அமெரிக்கத் தர நிறுவனம் சி மொழிக்குத் தரம் வகுத்தபோது 'என்ட்ரி' நீக்கப்பட்டது. 'வாய்ட்', 'ஈனம்', 'கான்ஸ்ட்', 'வாலடைல்', 'சைன்ட்' ஆகிய ஐந்தும் சேர்ந்து 32 ஆனது. நம் பாடப்புத்தகங்களில் இருக்கும் எண்ணிக்கை இதுதான்.

'நோஅலையஸ்' என்று இன்னொரு சொல்லையும் அந்தக் குழு சேர்க்கப் பார்த்தது. 1988ல் ரிட்சியே கடுமையாக எதிர்த்துக் கடிதம் எழுத, அது கைவிடப்பட்டது.

சேர்ப்பதில் ஏன் இவ்வளவு தயக்கம்? புதிதாக ஒரு சொல்லை ஒதுக்கினால், அதை ஏற்கெனவே பெயராக வைத்திருக்கும் பழைய நிரல்கள் எல்லாம் உடைந்துபோகும். உண்மை/பொய் வகைக்குப் பலரும் தாங்களாகவே 'பூல்' என்று பெயரிட்டுப் பயன்படுத்தி வந்தார்கள். அதனால் 1999 தரத்தில் முன்னால் ஓர் அடிக்கோடு, அடுத்து பெரிய எழுத்து என்று விகாரமான வடிவத்தில் அதைச் சேர்த்தார்கள். அப்படித் தொடங்கும் பெயர்களை யாரும் தொடக்கூடாது என்று முன்பே விதி இருந்தது. அழகில்லைதான், ஆனால் யாருடைய நிரலும் உடையவில்லை. வெறும் 'பூல்' ஒதுக்கப்பட்ட சொல்லானது 2024ல் வெளிவந்த சி23 தரத்தில்தான். சும்மா கிடந்த 'ஆட்டோ'வுக்கும் அதே தரத்தில் புது வேலை கிடைத்தது: கொடுத்த மதிப்பைப் பார்த்து மாறியின் வகையைக் கண்டுபிடிப்பது.

இந்தச் சொற்கள் ஏன் தமிழில் இருக்கக்கூடாது? சி மொழியிலேயே மேக்ரோ போட்டு 'இஃப்' என்பதற்கு 'ஆனால்' என்று எழுத முடியும். ஆனால் சொல்தான் மாறும், வரிசை மாறாது. 'ஆனால் (எண் > 5)' என்று தலைகீழாக நிற்கும். தமிழில் நிபந்தனை முதலில் வரவேண்டும், 'ஆனால்' பிறகு வரவேண்டும். முத்தையா அண்ணாமலை 2007ல் தொடங்கிய 'எழில்' நிரல்மொழியில் அது சரியாக வருகிறது: '@(எண் > 5) ஆனால்' என்று தொடங்கி, 'இல்லை' என்று பிரிந்து, 'முடி' என்று முடியும். இந்த வரிசைக்குத் தனி மொழியே தேவைப்பட்டது.

பெயர் விஷயத்தில் சி மொழியும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. மாறிகளின் பெயரில் பிறமொழி எழுத்துகளை 1999 தரம் அனுமதித்தது. 2020ல் வந்த ஜிசிசி 10 முதல் அந்தக் கம்பைலரில் அவற்றை நேரடியாகவே தட்டலாம். வீரபாண்டிக் கணக்கில் 'இண்ட் குறை = 40;' என்று எழுதினால் இப்போது ஓடும்.